கேட்டுப் போனவர்கள் திரும்பி வரட்டும்

அரியலூர்ச் சீமையின் ரெட்டிபாளையம் பக்கம் மாணவர்கள் வருவது புதிதல்ல. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைப் பார்க்க நிலவியல் படிக்கிறவர்கள் சுத்தியலும் பையுமாக வருகிறார்கள். கல்லில் பதிந்த நத்தை ஒன்று கிடைத்துவிட்டால் அவர்களுக்கு அன்றைக்கே தீபாவளி. நாட்டு நலப்பணித் திட்டத்தினர் முகாம் போடுகிறார்கள். சமூகப்பணி மாணவர்கள் படிவத்தோடு வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். குடும்பத்தில் எத்தனை பேர், மாத வருமானம் என்ன, கழிப்பறை உண்டா, யாருக்காவது குடிப்பழக்கம் இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத் திண்ணையில் இருக்கும் அம்மா கேட்பது ஒன்றுதான்: "இதுல பேரு குடுத்தா தொகுப்பு வீடு வருமா தம்பி?" தம்பி பேனாவை மூடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்.

இங்கே பதில் சொல்கிற வீடுகளின் பிள்ளைகளுக்கும், மானிடவியல் படித்து லடாக், ஸ்பிட்டி போன்ற பகுதிகளின் பௌத்த மலைக் கிராமங்களுக்குக் களப்பணி போகும் ஆசை வரலாம். போகட்டும். கேள்விக்கு உட்கார்ந்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. மலையில் அது கைகொடுக்கும்.

லடாக்கில் ஜான்ஸ்கர் என்றொரு பள்ளத்தாக்கு. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜான் குரூக் குழுவினர் அங்குள்ள ஸ்தோங்தே கிராமத்தை ஆராய்ந்தார்கள். 1994-இல் அது பெரிய நூலாக வந்தது. அண்ணன் தம்பிகள் ஒரே பெண்ணை மணந்து, இருக்கிற கொஞ்சம் நிலத்தைச் சிதறாமல் காப்பாற்றும் குடும்ப முறை ஆராய்ச்சியாளர்களை அந்தப் பக்கம் இழுத்த விஷயங்களில் ஒன்று. தேர்வுத்தாளில் இது இரண்டு மதிப்பெண் வினா. அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் கேட்கும்போதோ அவருடைய மானம் சம்பந்தப்பட்ட கேள்வி. போதாததற்கு, இந்த மணமுறையை ஜம்மு காஷ்மீர் சமஸ்தானம் 1941-இலேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. வீட்டுப் பெயரோடு நோட்டில் ஏறும் உண்மையான பதில் ஒருவிதத்தில் ஒப்புதல் வாக்குமூலம். அந்த நோட்டு பிறகு யார் கைக்குப் போகும் என்று பாட்டிக்கு யாரும் சொல்வதில்லை.

சொன்னவர் தலையில் பாரம் விழுவதற்கு நம் நீலகிரியிலேயே ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1901-02-இல் தோடர்களிடம் தங்கி ஆராய்ந்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், 1906-இல் வெளியிட்ட நூலில் தாமே எழுதி வைத்திருக்கிறார்: புனித இடங்களையும் சடங்குகளையும் காட்டிக்கொடுத்தவர்களில் ஒருவர் நோயில் விழுந்தார், இன்னொருவர் மனைவியை இழந்தார். சொல்லக்கூடாததைச் சொன்னதால் வந்த வினை என்றே தோடர்கள் எடுத்துக்கொண்டார்கள். வினையை நம்புவதும் நம்பாததும் நம் விருப்பம். பயந்தவர்கள் அவர்கள், நூலில் பெயர் போட்டுக்கொண்டவர் ரிவர்ஸ்.

சொந்த ஊர்க்காரரே கேட்டாலும் பதில் ஊருக்குத் திரும்புவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களைத் தத்தம் சொந்த ஊருக்கே அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். அந்தக் கணக்கு 1918-இல் நூலாக வந்தது, அதுவும் ஆங்கிலத்தில்தான். அதில் இடம்பெற்ற இருவேல்பட்டு போன்ற ஊர்களுக்குப் பின்வந்த ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் போயிருக்கிறார்கள்.

கேட்டுப் போனவர்கள் திரும்பி வராத பழியை மாணவர்கள் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. கல்லூரிக்கு முதல் பங்கு. நூறு மீட்டர் உயரம்கூட இல்லாத அரியலூர்ச் சீமைப் பிள்ளையை சுமார் 3,500 மீட்டரில் இருக்கும் லேவில் இறக்கிவிட்டு, மறுநாளே பேட்டி எடு என்று விரட்டக்கூடாது. முதல் இரண்டு நாள் ஓய்வு என்பதைப் பயணத் திட்டத்திலேயே எழுத வேண்டும். மூச்சுத் திணறிப் படுத்துவிட்டால் வண்டி தேடி ஓடுவது அந்த ஊர்க்காரர்தான். மொழிபெயர்ப்பவருக்கும் வழிகாட்டுபவருக்கும் கூலி, சொன்னவர் பெயரை மறைத்து எழுதும் பழக்கம், அறிக்கையை ஊர்மொழியில் திருப்பிக் கொடுப்பதற்கான செலவு ஆகியவற்றுக்கும் துறை பொறுப்பேற்க வேண்டும். "லீவு முடியறதுக்குள்ள வந்துடு" என்று அவசரப்படுத்தும் பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு.

ஊருக்கும் உண்டு. வீடு வரும் என்ற நப்பாசையில் வருமானத்தைக் குறைத்துச் சொல்கிறோம். பிறகு அந்தக் கணக்கை வைத்து எவராவது திட்டம் போட்டால் குறை சொல்கிறோம். எதற்குக் கேட்கிறீர்கள், யார் படிப்பார்கள், எப்போது கொண்டுவந்து காட்டுவீர்கள் என்று முதலில் கேட்க வேண்டியது நாம். சொல்ல விருப்பமில்லை என்றால் எழுந்து போகலாம். படிவம் ஒன்றும் சம்மன் அல்ல.

ஊராட்சி மனது வைத்தால் இதை இங்கேயே தொடங்கலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. கல்லூரிக் குழு எதுவாக இருந்தாலும், வேலை முடிந்த பிறகு வரும் கூட்டத்தில் பத்து நிமிடம் தமிழில் தன் அறிக்கையை வாசிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடலாம். வருமானக் கணக்கு தப்பென்றால் அங்கேயே யாராவது எழுந்து சொல்வார்கள். கொஞ்சம் சத்தம் வரும், வரட்டும். அந்தச் சத்தத்தில் நின்று பழகிய பிள்ளை லடாக்கில் கோபா எனப்படும் ஊர்த்தலைவரிடம் அனுமதி கேட்கப் போகும்போது, அறிக்கையை எந்த மொழியில், எந்த மாதம் கொண்டுவந்து கொடுப்பேன் என்பதையும் சேர்த்தே சொல்லும்.