வயிறு நிறைதலும் உடல் தேறுதலும்

வைக்கோற்போர் உயர்ந்து நின்றால் மாட்டுக்குக் குறைவில்லை என்று குடியானவர்கள் எண்ணுவது நெடுநாளைய வழக்கம். போர் பெரிதாயின் மாட்டின் வயிறு நிறையும் என்பது மெய்யே. ஆனால் வயிறு நிறைவது வேறு. உடல் தேறுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனால், தீவனத்திற்கு மிகுந்த பணம் செலவிட்டும், கறவைப் பசு மெலிவதையும், பால் குன்றுவதையும், ஈன்ற பசு உரிய காலத்தில் பருவத்திற்கு வராது நிற்பதையும் பல தொழுவங்களில் காண நேர்கிறது. இக்குறை நீங்கவேண்டுமாயின், நிலமுடைய குடியானவர்களும் கிராம அலுவலர்களும் தீவன சாஸ்திரத்தின் சொற்கள் சிலவற்றையேனும் பொருளுடன் அறிந்திருத்தல் அவசியமாகும்.

முதலாவது அறியவேண்டியது ‘உலர் பொருள்’ என்பது. எந்தத் தீவனத்திலும் நீர் உண்டு. அந்நீரை நீக்கியபின் எஞ்சுவதே உலர் பொருள். மாட்டுக்குச் சத்தளிப்பது அதுவே. கம்பு நேப்பியர் போன்ற பசும்புல்லில் உலர் பொருள் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பங்கும், வைக்கோலில் ஏறக்குறைய 90 பங்கும் உள்ளன. ஆகவே 25 கிலோ பசும்புற்கட்டில் 20 கிலோ நீரே. தீவனம் 5 கிலோதான். மாடு ஒன்று நாளொன்றுக்குத் தன் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு வரை உலர் பொருள் தின்னும். 400 கிலோ எடையுள்ள பசுவுக்கு இது 10 முதல் 12 கிலோ ஆகும். கட்டையும் கூடையையும் எண்ணித் தீவனமிடுவோர் இக்கணக்கை அறியாவிடின், மாடு தின்றதென்ன, நீராய்ப் போனதென்ன என்பதை ஒருக்காலும் அறியார்.

இரண்டாவது சொல் ‘கச்சாப் புரதம்’ என்பது. தசையும் பாலும் கருவும் உண்டாவதற்குப் புரதம் இன்றியமையாதது. தீவனத்தைப் பகுத்து நீர், சாம்பல், கொழுப்பு, நார், புரதம் எனக் கூறிடும் முறையை ஜெர்மனி தேசத்து வீண்டே ஆராய்ச்சி நிலையத்தில் ஹென்னபெர்க், ஸ்டோமன் என்னும் இருவர் 1860-ஆம் ஆண்டையொட்டி வகுத்தனர். தீவனத்திலுள்ள நைட்ரஜனை எளிதில் அளக்கும் வழியை டென்மார்க்கு தேசத்து கெல்டால் என்பவர் 1883-ஆம் ஆண்டில் வெளியிட்டார். புரதத்தில் நைட்ரஜன் நூற்றுக்குச் சுமார் 16 பங்கு இருத்தலால், அளந்த நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கிக் கிடைக்கும் தொகையே கச்சாப் புரதம் எனப்படும். ஆதலின் அது நேரே அளந்த புரதமன்று; நைட்ரஜனைக் கொண்டு கணித்த தொகை. அதில் ஜீரணமாவது எவ்வளவு என்பது தனிக் கணக்கு.

இவ்விரு சொற்களைக் கொண்டு வைக்கோலைச் சோதித்தால் உண்மை விளங்கும். நெல் வைக்கோலில் கச்சாப் புரதம் நூற்றுக்கு 4 பங்கு அளவிலேயே உள்ளது. பசு 10 கிலோ உலர் பொருளையும் வைக்கோலாகவே தின்றால் 400 கிராம் கச்சாப் புரதம் வயிற்றிற் சேரும். அதில் ஜீரணமாவது மிகச் சொற்பம். அப்பசு 10 லிட்டர் பால் கறக்குமாயின், பாற்செம்பின் வழியே நாள்தோறும் 300 கிராமுக்கு மேற்பட்ட புரதம் வெளியேறுகிறது. வரவு சொற்பமாகவும் செலவு மிகுதியாகவும் இருந்தால், குறையைப் பசு தன் உடற்சதையைக் கரைத்தே ஈடுசெய்யும். அதுவும் இயலாதபோது பால் குறையும், சினையும் தள்ளிப்போகும். ஒவ்வொரு மாதத் தாமதமும் உடையவனுக்கு ஒரு மாதத் தீவனச் செலவாய் முடியும்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. மாடு நாரைத் தானே ஜீரணிப்பதில்லை. அதன் அசையூண் வயிற்றில் வாழும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே நாரைச் சிதைத்துச் சத்தாக்கித் தருகின்றன. அவ்வுயிர்கள் பெருகுவதற்கும் நைட்ரஜன் வேண்டும். எனவே வைக்கோலோடு சிறிது பிண்ணாக்கோ அகத்தி, வேலிமசால் முதலிய பயறுவகைத் தழையோ சேர்த்தால், சேர்த்த பொருளின் சத்து மட்டுமன்றி வைக்கோலின் சத்தும் மிகுதியாய்க் கிடைக்கும். தழைக்குச் செலவிடச் சுணங்குவோர் வைக்கோலுக்குச் செலவிட்டதையும் வீணாக்குகின்றனர் என்பதே பொருத்தம்.

விலையையும் இவ்வாறே எடையிட்டுப் பார்த்தல் நலம். கடலைப் பிண்ணாக்கில் புரதம் நூற்றுக்கு 40 பங்கும், அரிசித் தவிட்டில் சுமார் 12 பங்கும் உள்ளன. ஒரு கிலோ புரதம் பெறப் பிண்ணாக்கு இரண்டரை கிலோ போதும். தவிடோ எட்டு கிலோவுக்கு மேல் வேண்டும். பிண்ணாக்கின் விலை தவிட்டின் விலையைப்போல் மும்மடங்கு ஆயினும், புரதத்தின்பொருட்டு வாங்குவோருக்குப் பிண்ணாக்கே மலிவு. உடலுக்கு வலுவூட்டும் மாவும் கொழுப்பும் தவிட்டில் உண்டாதலின் அதனைத் தள்ளவேண்டுவதில்லை. எதனை எதன்பொருட்டு வாங்குவது என்பதை அறிந்து வாங்கவேண்டும் என்பதே கருத்து.

முன்னோர் இச்சொற்களை அறியாமலே நன்கு மாடு வளர்த்தனரே என்று சிலர் வினவக்கூடும். முன்னோர் காலத்தில் மேய்ச்சற் புறம்போக்குகள் பரந்திருந்தன; மாடு தனக்கு வேண்டியதைத் தானே தேடித் தின்றது. உழவெருதுக்குக் கொள்ளும், கறவைக்குப் பருத்திக்கொட்டையும் இட்ட அவர்கள் பெயரறியாமலே புரதம் இட்டனர். நாட்டுப் பசுக்களும் பெரும்பாலும் சிறிதளவே கறந்தன. இன்றோ மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. கலப்பினப் பசு தொழுவத்திற் கட்டுண்டு, எசமானன் இடுவதையே நம்பி, 10 லிட்டரும் அதற்கு மேலும் கறக்கிறது. தின்னும் பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாட்டிடமிருந்து மனிதனிடம் வந்துவிட்டபடியால், அதற்குரிய அறிவும் மனிதனிடம் இருத்தல் வேண்டும்.

கடைகளில் விற்கும் கலப்புத் தீவன மூட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். மூட்டையின்மீது அச்சிடப்படும் புரத அளவைக் கண்டு மயங்கலாகாது. 100 கிலோ தீவனத்தில் ஒரு கிலோ யூரியா இருந்தாலே அதன் கச்சாப் புரதக் கணக்கு ஏறக்குறைய 3 பங்கு உயரும். வளர்ந்த மாடு மாவுப்பொருளோடு சேர்ந்த அளவான யூரியாவைப் பயன்படுத்திக்கொள்ளும். அசையூண் வயிறு முதிராத இளங்கன்றுக்கோ அது பயன்படாததோடு தீங்கும் விளைக்கும். ஆதலால் புரத அளவோடு யூரியாவின் அளவும் குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தே வாங்குதல் தகும்.

எழுதப் படிக்கத் தெரிந்த கிராம அலுவலர்களும், பால் கூட்டுறவுச் சங்கத்தாரும் மூட்டையின் எழுத்தைக் குடியானவர்களுக்குப் படித்துப் பொருள் கூறுவாராயின் அது பேருதவியாகும். நிலமுடையோர் வரப்பில் அகத்தியும் சில சென்ட் நிலத்தில் வேலிமசாலும் வளர்த்து வழிகாட்டலாம். பாலைப் படியிட்டு அளந்து விற்பவன், அப்பால் உண்டாகும் தீவனத்தை மட்டும் கண்ணளவாய் இடுவது முறையன்று.