குத்தகை முடிகிறது, குடியிருந்தவர்?

சேலத்திலோ சென்னையிலோ அடுக்குமாடி வீடு வாங்குகிறவர் பத்திரத்தில் முதலில் தேடுவது, தமக்குரிய பிரிபடாத மனைப்பங்கு எத்தனை சதுர அடி என்பதைத்தான். காலடி மண்ணில் தமக்கும் ஒரு துண்டு உண்டு என்ற உறுதி இல்லாவிட்டால் நம்மவர்களுக்கு வீடு வீடாகாது. ஆகவே லண்டனிலோ சிங்கப்பூரிலோ வாழும் உறவினர், தம் வீட்டுக்கு இன்னும் எழுபது ஆண்டுக் குத்தகைதான் பாக்கி என்று சொல்லும்போது நமக்கு விசித்திரமாக இருக்கிறது. வீட்டுக்கும் ஆயுள் கணக்கு உண்டா என்று வியக்கிறோம். ஆனால் நம் மலைகளில் இதைவிடக் கடுமையான கணக்கு ஒன்று நெடுங்காலமாக நடந்துவருகிறது. அது குறித்துச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறோம்.

முதலில் அயலகத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தில் குத்தகை வீட்டின் எஞ்சிய ஆண்டுகள் குறையக் குறைய வீட்டின் விலையும் சரியும். கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும். இதைக் கண்ட அந்நாட்டு நாடாளுமன்றம் 1993-இல், உரிய தொகையைச் செலுத்தி மேலும் 90 ஆண்டுகளுக்குக் குத்தகையை நீட்டித்துக்கொள்ளும் உரிமையை வீட்டுக்காரருக்குச் சட்டப்படி அளித்தது. 2024-இல் இயற்றப்பட்ட சட்டம் அதை 990 ஆண்டுகளாக்க வழிசெய்தது. சிங்கப்பூரில் அரசு வீடமைப்புக் கழக வீடுகளின் குத்தகை 99 ஆண்டுகள். அங்கே நீட்டிப்பு உரிமை கிடையாது. கேலாங் பகுதியில் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்த 191 தரைவீடுகள், 2020 டிசம்பர் 31 அன்று இழப்பீடு ஏதுமின்றி அரசிடம் திரும்பின. ஒரு நாடு நீட்டித்தது, மற்றொன்று மறுத்தது. இரண்டு இடத்திலும் ஒன்று பொது: வீட்டில் இருந்தவரின் பெயர் பத்திரத்தில் இருந்தது. எத்தனை ஆண்டு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி மாஞ்சோலைக்கு வருவோம். திருநெல்வேலி மாவட்டத்துச் சிங்கம்பட்டி ஜமீன், மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 8,373 ஏக்கர் காட்டை 1929-இல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஜமீன் ஒழிப்புக்குப் பின் ஜமீன்தாரின் இடத்தில் அரசு வந்து நின்றது; கம்பெனி தன் இடத்திலேயே இருந்தது. கணக்குப்படி முடிவு 2028. இந்த ஆண்டுகளில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனக் குடியிருப்புகள் உருவாயின. பள்ளியும் கோயிலும் தேவாலயமும் இடுகாடும் வந்தன. மூன்று நான்கு தலைமுறைகள் தேயிலை பறித்தன. 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளரின் விடுதலையும் கேட்டு நெல்லையில் நடந்த ஊர்வலம் காவல்துறையின் தடியடியில் சிதறி, 17 பேர் தாமிரபரணியில் மாண்டதை நாம் மறந்திருக்க முடியாது.

குத்தகை முடியுமுன்னரே, 2024-இன் நடுவில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்பதும் அதனோடு சேர்ந்தே வந்தது. தோட்டத்தை அரசின் தேயிலைக் கழகமான டான்டீ ஏற்று நடத்த வேண்டும் என்று கேட்ட மனுக்களை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் ஏற்கவில்லை. அரசு அறிவித்த மறுவாழ்வு உதவிகளை நிறைவேற்றச் சொன்னது.

குத்தகையை நீட்டிக்க வேண்டும் என்று நாங்கள் வாதாட வரவில்லை. அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் நடுவிலுள்ள காடு. தாமிரபரணிக்கு நீர் தரும் மலை. காடு காடாவதே நியாயம். எங்கள் கேள்வி வேறு. நிலத்தின் குத்தகையும் மனிதரின் குடியிருப்பும் ஒன்றுதானா? ஜமீனும் கம்பெனியும் போட்ட ஒப்பந்தத்தில் தொழிலாளி கையெழுத்திடவில்லை. அதன் லாபத்தில் அவருக்குப் பங்கில்லை. முடிவில் மட்டும் முழுப் பங்கு!

சட்டம் என்ன சொல்கிறது? 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தரும் பொறுப்பை முதலாளிமீது சுமத்தியது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த வீடு வேலையின் நிழல். வேலை போனால் நிழலும் போகும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பழங்குடியினர் அல்லாத வனவாசிகளுக்கு 2005 டிசம்பருக்கு முன் 75 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. அதாவது 1930 முதல். மாஞ்சோலையின் கதை தொடங்குவது 1929-இல்! ஆனால் காட்டையே நம்பி வாழ்ந்தவர் என்ற நிபந்தனை, கூலிக்குத் தேயிலை பறித்தவருக்குப் பொருந்துவது கடினம். காட்டுக்கும் அவர் அந்நியர், தோட்டத்துக்கும் அந்நியர், இறங்கிவரும் சமவெளிக்கும் அந்நியர்.

அரசுக்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 1964-இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பிய மலையகத் தமிழருக்காகவே 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் டான்டீ ஆயிற்று. எல்லை கடந்து வந்தவர்களுக்காக ஒரு திட்டத்தையே உருவாக்க முடிந்தது. எனில் ஒரே மாவட்டத்துக்குள் மலையிலிருந்து இறங்குகிறவர்களின் வாழ்ந்த ஆண்டுகளை மட்டும் ஏன் எண்ண முடியாது?

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி', தேயிலைத் தோட்டத்துக்கு ஏற்றிச் செல்லப்பட்ட நெல்லைச் சீமை மக்களின் கதை. ஏற்றியதை எழுதிய மொழி இது, இறக்குவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நாங்கள் கேட்பது சிறியது. தோட்டக் குத்தகை எங்கே முடிந்தாலும், எங்கே திரும்பப் பெறப்பட்டாலும், குடியிருந்த ஆண்டுகள் தனியே கணக்கிடப்பட வேண்டும். அதற்கு ஈடாகத் தரப்படும் வீடு தொழிலாளியின் பெயரில், பெண்ணின் பெயரும் சேர்த்து, நிபந்தனையற்ற பட்டாவாக இருக்க வேண்டும். சாவி கைக்கு வந்த பின்னரே பழைய வீடு பூட்டப்பட வேண்டும். அதன் செலவில் ஒரு பங்கை, 99 ஆண்டு அனுபவித்த குத்தகைதாரரும் ஏற்க வேண்டும்.

இதைச் சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து எழுதுகிறோம். ஏற்காட்டுக்குக் காப்பி வந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே சென்றால், மிளகுக்கொடி படர்ந்த நிழல்மரங்களுக்கிடையே இங்கும் லைன் வீடுகள் உண்டு. மாஞ்சோலையின் குத்தகை இங்கில்லை. ஆனால் வேலையோடு கட்டிய வீடு இங்கும் அதே வீடுதான். தோட்டம் கைமாறும்போதும், துண்டு துண்டாக மனைகளாகும்போதும், அங்கே குடியிருப்பவரின் பெயர் எந்தப் பத்திரத்தில் இருக்கும் என்று வாங்குகிறவரும் விற்கிறவரும் கேட்பதில்லை. பிரிபடாத பங்கைச் சதுர அடிக் கணக்கில் சரிபார்க்கும் நாமாவது கேட்கலாம்.