80 சதவீதம் கழிவு... நம்பலாமா? சிவகாசி பட்டாசு விலை ரகசியம்!

சிவகாசி-

தீபாவளி நெருங்கினால் போதும். "80 சதவீதம் கழிவு", "90 சதவீதம் தள்ளுபடி" என்று பட்டாசுக் கடை வாசலில் எல்லாம் பேனர் தொங்குகிறது. விருதுநகர் ரோடு, சாத்தூர் ரோடு, எங்கு பார்த்தாலும் இதே கூத்துதான்.

ஆயிரம் ரூபாய் சரக்கை இருநூறு ரூபாய்க்குக் கொடுத்தால் கடைக்காரருக்கு எப்படிக் கட்டும்?

விஷயம் ரொம்ப சுலபம். அந்தச் சரக்கின் விலை ஆயிரம் ரூபாயே இல்லை!

அச்சடித்த விலை

பட்டாசுப் பெட்டியின் மேல் அச்சடித்த விலைக்கும், உள்ளே இருக்கும் சரக்குக்கும் பெரும்பாலும் சம்பந்தம் கிடையாது. கழிவு எத்தனை சதவீதம் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குத் தோதாக விலையை ஏற்றிப் போடுகிறார்கள். சிவகாசியில் சின்னப் பையனுக்கும் தெரிந்த சங்கதி இது. வெளியூர்க்காரர்தான் பேனரைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு கடையில் புஸ்வாணப் பெட்டி 400 ரூபாய், கழிவு 75 சதவீதம். கையைவிட்டுப் போவது 100 ரூபாய். எதிர்க் கடையில் அதே புஸ்வாணம் 1,000 ரூபாய், கழிவு 88 சதவீதம். இங்கே கட்ட வேண்டியது 120 ரூபாய்! கழிவும் கூடுதல், கொடுக்கிற காசும் கூடுதல்.

ஆகவே கழிவைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. "அண்ணாச்சி, நெட் ரேட்டு என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். வரி அதில் அடக்கமா, தனியா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். பட்டாசுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். (2017 ஜூலையில் 28 சதவீதமாக இருந்தது, அந்த நவம்பரிலேயே குறைத்தார்கள்.) 3,000 ரூபாய் சரக்குக்கு வரி மட்டும் 540 ரூபாய். பில் போடும்போது இது தெரிந்தால் சம்பளக்காரர் பாடு திண்டாட்டம்தான்.

அப்புறம் எண்ணிக்கை. ஒரு பெட்டியில் 10 தரைச்சக்கரம் இருக்கும், பக்கத்துப் பெட்டியில் 5 இருக்கும். கம்பி மத்தாப்பில் 10 சென்டிமீட்டரும் உண்டு, 30 சென்டிமீட்டரும் உண்டு. பெட்டி பெரிசாக இருக்கிறதே என்று ஏமாந்தவர்கள் ஏராளம்.

"கிப்ட் பாக்ஸ்" இன்னும் மோசம். "50 ரகம்" என்று போட்டிருப்பார்கள். பாம்பு மாத்திரை ஒரு ரகம், சாட்டை ஒரு ரகம், பிஜிலிப் பொட்டலம் ஒரு ரகம். ரகத்தை எண்ணினால் 50 சரியாகத்தான் இருக்கும். வெடித்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் பெட்டி காலி! அதே காசுக்கு வேண்டியதை மட்டும் சில்லறையாகப் பொறுக்கி எடுத்தால் பிள்ளைகளுக்கும் திருப்தி, பைக்கும் நஷ்டம் இல்லை.

லேபிளுக்கு ஒரு விலை

பிரபல கம்பெனி சரக்கு என்றால் விலை கூடத்தான் செய்யும். சீமையிலும் இதே கதை. புத்தாண்டு ராத்திரி அங்கே உடைக்கிற ஷாம்பெய்ன் மது, பிரான்சு நாட்டில் அந்தப் பெயருள்ள பகுதியில் விளைந்த திராட்சையில் செய்தது. தோட்டங்களில் பெரும்பகுதி சிறு விவசாயிகள் கையில் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் அவர்களிடம் திராட்சை வாங்கித் தங்கள் லேபிளை ஒட்டி விற்கின்றன. விவரம் தெரிந்தவர்கள், தோட்டக்காரரே அடைத்து விற்கும் பாட்டிலைத் தேடிப் பிடிக்கிறார்கள். லேபிளுக்குக் கொடுக்கிற காசு மிச்சம்.

சிவகாசியிலும் பெயர் தெரியாத சிறு ஆலைகளில் நல்ல சரக்கு போடுகிறவர்கள் உண்டு. ஆனால் இங்கே ஒரு வித்தியாசம். இது பாட்டில் அல்ல, வெடிமருந்து.

மலிவு எப்படி வந்தது?

உரிமம் பெற்ற ஆலையில் ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று கணக்கு உண்டு. சிறிய ஆலைக்கு மாவட்ட உரிமம், அடுத்ததற்குச் சென்னை உரிமம், பெரிய ஆலைக்கு நாக்பூர் உரிமம். கணக்கை மீறி ஆளைத் திணித்தால் சரக்கு மலியும். அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டாலும் மலியும். வரி கட்டாமல் விற்றாலும் மலியும்.

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி ஆலை வெடித்தது. சுமார் 40 பேர் பலியானார்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் வெடித்தது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, உள்ளே குத்தகைக்கு எடுத்து வேலை நடத்தியவர்கள் வேறு என்பது அப்போது அம்பலமானது. 2023 அக்டோபர் 17, தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரம். ரெங்கபாளையம், கிச்சநாயக்கன்பட்டி என்று ஒரே நாளில் இரண்டு இடத்தில் வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். முக்கால்வாசிப் பேர் கூலிக்குப் போன பெண்கள்.

எல்லா விபத்துக்கும் மலிவுச் சரக்கே காரணம் என்று சொல்லிவிட முடியாது. முறையாக நடக்கும் ஆலையிலும் உராய்வில் தீப்பொறி பறக்கிறது. ஆனாலும் ஊரே 100 ரூபாய்க்கு விற்கும் பெட்டியை ஒருவர் மட்டும் 50 ரூபாய்க்கு நீட்டினால், அந்த 50 ரூபாய் எங்கே குறைந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பெட்டியில் ஆலையின் பெயர், முகவரி உண்டா? பசுமை பட்டாசு முத்திரை உண்டா? பில் கொடுப்பார்களா? மூன்றுக்கும் "இல்லை" என்றால் அந்தக் கடையில் வேலையில்லை.

செல்போன் மோசடி

ஆன்லைனில் பட்டாசு விற்க 2018 அக்டோபர் 23-ந் தேதியே சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டுவிட்டது. அப்படியும் செல்போனில் விளம்பரம் வந்துகொண்டுதான் இருக்கிறது. அழகான படம், அடிமாட்டு விலை. பணம் அனுப்பியதும் ஆள் மாயம்! 2024-ல் சைபர் கிரைம் போலீசாரே இதுபற்றிப் பொதுமக்களை எச்சரித்தார்கள். ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்தால் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

மாதாமாதம் பட்டாசுச் சீட்டு கட்டுகிறவர்களும் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு வேண்டும்?

வாங்குவதற்கு முன் இதையும் கணக்குப் போட வேண்டும். தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளி அன்று வெடிக்க அரசு அனுமதிக்கும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. ஆக மொத்தம் 2 மணி நேரம். சரவெடிக்கோ கோர்ட்டு தடை. இதற்குப் போய் 5,000 ரூபாய்க்கு வாங்கி, பாதியைப் பரணில் போட்டு நமத்துப் போக விடுவானேன்?

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசிக் கடைகளில் பூஜை போட்டுப் புது விலைப்பட்டியல் வெளியிடுகிறார்கள். நாலைந்து கடைப் பட்டியலை வாங்கி, கடைசிக் காலத்தில் உள்ள நெட் ரேட்டை மட்டும் ஒப்பிட்டால் எந்தக் கடை சல்லிசு என்று தெரிந்துவிடும். தெருக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் பேரம் பேசவும் தோது, லாரிச் செலவும் பங்கு பிரிந்துவிடும்.

ரெயிலில் மட்டும் பையில் மறைத்து ஏற்றக் கூடாது. ரெயில்வே சட்டப்படி 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். பஸ்சிலும் ஏற்றமாட்டார்கள். லாரி பார்சல்தான் வழி. புக்கிங் ரசீதைக் கையில் வாங்கிய பிறகே கடைக்காரருக்கு மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.