பைப்பில் தண்ணீர் மெல்ல வருகிறதா?

சகோதரிகளே, குசினியில் ஒரு வாளி நிறையும் வரை காத்திருக்கிறீர்கள். பிள்ளைகள் வுழூச் செய்ய வரிசையில் நிற்கிறார்கள். "ஒரு மோட்டர் வாங்கிப் பூட்டுவோம்" என்று வீட்டில் பேச்சு எழுகிறதா? சற்றுப் பொறுங்கள். பழுது எங்கே என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

முதலில் 10 லீற்றர் வாளி ஒன்று நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று ஒவ்வொரு பைப்பிலும் பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரு பைப்பில் மட்டும் தாமதமென்றால் குறை அதில்தான். அதன் வாயிலுள்ள சிறு சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். மணலோ துருவோ அடைத்திருக்கலாம். புத்தளம், யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புக்கல் பகுதிகளில் வெள்ளையாகப் படிந்திருக்கும். சில மணி நேரம் வினாகிரியில் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷினால் தேய்த்தால் போய்விடும்.

எல்லாப் பைப்புகளிலும் குறைவா? வீதிக் குழாயிலிருந்து நேராக வரும் வெளிப் பைப்பைத் திறந்து பாருங்கள். அதில் நன்றாக வந்தால் கோளாறு தண்ணீர்த் தாங்கியின் பக்கம். அடியில் சேறு படிந்துள்ளதா, வெளியேறும் குழாயின் வால்வு முழுதாகத் திறந்துள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தாங்கி ஒருமுறை வற்றி நிரம்பியிருந்தால் குழாயில் காற்று அடைத்திருக்கவும் கூடும்.

கீழ்வீட்டில் நன்றாக வந்து, மேல்மாடி ஷவரில் மட்டும் குறைந்தால் அது தாங்கியின் உயரத்தைப் பொறுத்தது. 10 மீற்றர் உயரத்துக்குத்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஷவருக்கு மேல் 2 மீற்றரில் தாங்கி இருந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்குதான்.

வெளிப் பைப்பிலும் குறைவென்றால் பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். அவர்களுக்கும் அப்படியானால் குறை வீதிக் குழாயில்; நீர் வழங்கல் சபைக்கு அறிவியுங்கள். உங்களுக்கு மட்டுமென்றால் மீற்றருக்குப் பக்கத்திலுள்ள வால்வு பாதி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். எங்காவது கசிவும் இருக்கலாம். தாங்கி நிரம்பிய பின், இஷாவுக்குப் பிறகு எல்லாப் பைப்புகளையும் மூடி மீற்றர் இலக்கத்தை எழுதுங்கள். இரவில் யாரும் தண்ணீர் எடுக்காதிருக்க, சுபஹுக்கு முன் இலக்கம் கூடியிருந்தால் கசிவு உண்டு. உங்கள் பணமும் அதோடு ஓடுகிறது.

மோட்டர் தேவைப்பட்டாலும் வீதிக் குழாயில் நேராகப் பூட்டாதீர்கள். அண்டை வீட்டாருக்குச் சேரவேண்டிய தண்ணீரை அது இழுத்துக்கொள்ளும். குழாயில் வெடிப்பு இருந்தால் சுற்றியுள்ள அழுக்கு நீரும் உள்ளே உறிஞ்சப்படும். அதைக் குடிப்பது உங்கள் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும்தான். நிலத்தில் ஒரு தாங்கி வைத்து, அதில் சேரும் நீரையே மேலே ஏற்றுங்கள். அண்டை வீட்டாரின் ஹக்கும் பேணப்படும். உங்கள் வாளியும் நிறையும்.