ஏழைப் பிள்ளைக்கு ஏன் மேடை?

கோவை மாநகரில் ஏழைக் குழந்தைகளின் பெயரால் ஆண்டு முழுவதும் விழாக்கள் நடந்தவண்ணம் உள்ளன. புத்தாண்டுக்கு ஒரு விழா, குடியரசு நாளுக்கு ஒன்று, ரமலானில் பல, தீபாவளிக்கு முந்திய வாரத்தில் நாள்தோறும் ஒன்று. அவினாசி சாலையின் பெரிய மண்டபங்களில் நடப்பவையும் உண்டு. குழந்தைகள் இல்லத்து முற்றத்தில் பந்தல் போட்டு நடத்துபவையும் உண்டு. புத்தாடை, புத்தகப்பை, பிரியாணிப் பொட்டலம், பிறகு ஒரு புகைப்படம். இந்த நான்கில் விழா நடத்துவோர் ஒருநாளும் மறவாதது நான்காவதுதான்.

இவ்விழாக்களை நடத்துவோர் தீயவர் என்று கூற நாம் வரவில்லை. பெரும்பாலோர் நல்ல மனத்தினர். தொழிலில் நாலு காசு பார்த்தவர்கள். அதில் ஒரு பங்கு ஏழைக்குப் போகவேண்டும் என்று உண்மையாகவே எண்ணுபவர்கள். ஆயினும் நல்ல மனம் இருந்துவிட்டால் செய்கை தானே நன்றாகிவிடும் என்பதை நாம் ஒப்புவதற்கில்லை. பெறுகின்ற பிள்ளைக்கு அச்செய்கை என்ன செய்கிறது என்பதே நம் கேள்வி.

பத்து வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். தகப்பன் இல்லை. பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு மற்றொரு பிள்ளையாக இருக்கப் பார்க்கிறான். விழா நாளன்று அவன் வரிசையில் நிறுத்தப்படுகிறான். ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொல்லி, அவன் அநாதை என்பதையும் சொல்கிறது. அவன் மேடையேறிப் பொட்டலத்தின் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையை ஒரு பெருமகன் பிடித்துக்கொண்டு படம் எடுப்பவரைப் பார்க்கிறார். படம் சரியாக விழவில்லையென்றால் பொட்டலம் திரும்ப வாங்கப்பட்டு மீண்டும் ஒருமுறை கொடுக்கப்படுகிறது! மறுநாள் நாளேட்டிலும், அதே இரவில் ஊரார் அனைவரின் கைப்பேசியிலும் அவன் முகம் வந்துவிடுகிறது. இருநூறு ரூபாய்ப் பைக்கு அச்சிறுவன் கொடுத்த விலை என்ன? தன் வீட்டு வறுமையைத் தன் விருப்பமின்றி ஊரறியச் செய்ததுதான் விலை. அவ்விலையைக் கொடுக்க அவனுக்குச் சம்மதமா என்று கேட்டவர் எவருமில்லை.

இது பண்பு பற்றிய பேச்சு மட்டுமன்று. சட்டமும் இதில் வாய் திறந்திருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தன் 74ஆம் பிரிவில், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தையும் படத்தையும் வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இல்லங்களில் வாழும் குழந்தைகள் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படியே அங்கு இருக்கவேண்டியவர்கள். இல்லங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் கட்டளை. விழா நடத்தும் எத்தனை பேர், "ஐயா, உங்கள் இல்லத்தின் பதிவுச் சான்றைக் காட்டுங்கள்" என்று முதலில் கேட்கிறார்கள்? பந்தல்காரரிடம் பேசும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

கொங்கு நாட்டுக்கு ஈகை புதிதன்று, விழாதான் புதிது. பீளமேட்டுக் கோவிந்தசாமி நாயுடுவின் மைந்தர் நால்வர் குடும்பச் சொத்தைப் பிரித்தபோது நான்காகப் பிரிக்கவில்லை; ஐந்தாகப் பிரித்தனர். ஐந்தாம் பங்கு அறத்துக்கு என்று எழுதி வைத்தனர். 1926இல் பி.எஸ்.ஜி. அறநிலையம் பிறந்தது அப்படித்தான். அறத்தை வீட்டில் பிறந்த இன்னொரு மகனாக எண்ணிப் பாகம் கொடுத்த செயல் அது. மகனுக்குப் பாகம் கொடுப்பவன் அதற்காக மாலை கேட்பானா? ஜகாத்தும் அவ்வகையினதே. செல்வரின் பொருளில் ஏழைக்கு உரிமையுண்டு என்கிறது மார்க்கம். உரிமைக்காரனுக்கு அவனுடைய பொருளை ஒப்படைக்கும்போது அவனைக் கைகூப்பச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

1930இல் அவினாசிலிங்கம் செட்டியார் இராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கினார். பிற்பாடு சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக வந்தார்; எனினும் பெரியநாயக்கன்பாளையத்து வித்தியாலயமே அவர் பெயரை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒருநாள் போய் இனிப்பு வழங்கிவிட்டு வந்தவரல்லர் அவர். வாழ்நாளை அங்கே வைத்தவர்.

"அதெல்லாம் அந்தக் காலம். இன்று விளம்பரம் இல்லாமல் பணம் வராது" என்று ஒரு வாதம் உடனே எழும். இதற்கு விடை தேடி நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை. சிங்காநல்லூருக்குப் போனால் போதும். 1996இல் சாந்தி சமூக சேவை அமைப்பை நிறுவி, குறைந்த விலையில் உணவும் மருந்தும் மருத்துவமும் கிடைக்க வழிசெய்த சுப்பிரமணியம் 2020 டிசம்பரில் மறைந்தார். அவருடைய உணவகத்தில் பல ஆண்டுகள் உண்டவர்களுள் பெரும்பாலோர்க்கு அவர் முகம் தெரியாது. விளம்பரத்தை அவர் நாடவில்லை. பணிக்கு அதனால் குறைவும் வரவில்லை. சாப்பிட்டவர் காசு கொடுத்துச் சாப்பிட்டார். கொடுத்த காசு சிறிதாயினும் தலை நிமிர்ந்து வெளியே வந்தார். ஈகையின் இலக்கணத்தை இதைவிடத் தெளிவாக எவரும் சொல்லிவிட முடியாது.

பெரிய சங்கங்களின் பணிகளிலும் வேற்றுமை அறியவேண்டும். ரவுண்ட் டேபிள் இந்தியா என்னும் அமைப்பு நாடெங்கும் அரசுப் பள்ளிகளுக்கும் ஏழைப் பள்ளிகளுக்கும் வகுப்பறைகள் கட்டித் தருகிறது. அதே அமைப்பு ஏழைக் குழந்தைகளை ஒருநாள் விமானத்தில் ஏற்றிச் செல்வதும் உண்டு. விமானத்தில் பறந்த பிள்ளையின் மகிழ்ச்சியைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை; பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியும் வேண்டியதே. ஆனால் விமானம் மாலையில் தரையிறங்கிவிடும். வகுப்பறையில் முப்பது ஆண்டு பிள்ளைகள் அமர்வார்கள். செய்தித்தாளில் பெரிதாக வருவது எது என்பதை வாசகர்களே அறிவார்கள்.

இதைவிடக் கசப்பான செய்தி ஒன்றுண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்துப் பஞ்சாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரால் நடந்ததை இந்நாட்டார் மறந்திருக்க மாட்டார்கள். தென் மாவட்டத்து ஏழைப் பெண்பிள்ளைகளை, பதினான்கு பதினைந்து வயதினரையும் சேர்த்து, மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் வைத்து நூற்பாலையில் வேலை வாங்கினர். முடிவில் திருமணத்துக்கென ஒரு தொகை தருவதாகச் சொல்லினர். உடல் நலிந்து இடையில் வீடு திரும்பியவளுக்கு அத்தொகை பெரும்பாலும் கிடைக்கவில்லை. 2011இல் நெதர்லாந்து ஆய்வு நிறுவனம் ஒன்று இதை உலகறிய எழுதியது; நீதிமன்றங்களும் பேசின. மங்கலமான பெயர் சூட்டிவிட்டால் எதுவும் செய்யலாம் என்று நினைத்த காலம் அது. ஆலைமுதலாளிகள் அனைவரும் அப்படியென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் குழந்தைகள் விழாவுக்கு நன்கொடை கேட்டுப் போகும் இளைஞர்களிடம் ஒன்று சொல்வோம்: காசோலையை வாங்குமுன், அந்த ஆலையிலும் அந்தப் பனியன் கம்பெனியிலும் பிள்ளைகள் வேலை செய்கிறார்களா என்று வினவுங்கள். கேட்பது மரியாதைக் குறைவென்று தோன்றினால், அந்தக் காசோலை வேண்டாம்.

விழாக்களின் கண்ணில் படாத பிள்ளைகளையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து நம் வார்ப்படப் பட்டறைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைப்பவர்களின் குழந்தைகள் தகரக் கொட்டகைகளில் இருக்கின்றனர். தமிழ் தெரியாத காரணத்தால் பள்ளிக்குப் போகாமல் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கின்றனர். அவர்களுக்கு இல்லமில்லை, நிர்வாகியில்லை, மேடையுமில்லை, ஆகவே விழாவுமில்லை. 1997 நவம்பரிலும் 1998 பிப்ரவரியிலும் இந்நகரில் சிந்திய இரத்தத்துக்குப் பின் தகப்பனை இழந்த பிள்ளைகள் எல்லாச் சமயத்திலும் இருந்தனர். தகப்பன் சிறையிலிருக்க, தீர்ப்புக்கு 2007 வரை காத்துக்கிடந்த வீடுகளின் பிள்ளைகளும் இருந்தனர். சிறைவாசியின் மகனோடு நின்று படம் எடுத்துக்கொள்ள எந்தப் பெருமகன் முன்வருவார்? அப்பிள்ளைகளை வளர்த்தவர்கள் தையல் மெஷினும் இட்லிக் கொப்பரையும் வைத்துப் பிழைத்த தாய்மார்கள்.

தாய் என்றதும் நம் வாதத்தின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம். 'அநாதை இல்லம்' என்னும் சொல்லே பெரும்பாலும் பொய். அங்கே வாழும் பிள்ளைகளில் பலருக்குத் தாய் உண்டு; சிலருக்குத் தகப்பனும் உண்டு. கம்போடியா நாட்டில் 2005க்குப் பிந்திய ஐந்தாண்டுகளில் இத்தகைய இல்லங்கள் முக்கால் பங்கு பெருகின. அங்கிருந்த பிள்ளைகளில் நான்கில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடிருந்தனர். வெளிநாட்டார் வந்து பார்த்துப் பணம் கொடுக்கக் கொடுக்க, காட்டுவதற்குப் பிள்ளைகள் தேவைப்பட்டனர்! ஆஸ்திரேலியா 2018இல் கொண்டுவந்த நவீன அடிமைமுறைச் சட்டத்தின்போது, இவ்வாறு இல்லங்களுக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதும் அடிமை வாணிபத்தின் ஒருவகை என்றே ஏற்றுக்கொண்டது. நம் ஊர் இல்லங்களும் அத்தகையவை என்று கூற நமக்குச் சான்றில்லை. நல்ல இல்லங்கள் பல உண்டு, போக்கிடமே இல்லாத பிள்ளைக்கு அவை வேண்டும். ஆனால் வறுமையின் காரணமாகத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து, பிரித்த இடத்தில் போய் விருந்து வைப்பதை எப்படி அறம் என்பது? அந்த விருந்துப் பணம் அத்தாயின் கைக்குப் போயிருந்தால் பிள்ளை அவள் மடியிலேயே உண்டிருக்குமே!

நம் சமுதாயத்தார் இதைப் பிறருக்கு முன் உணர்ந்திருக்க வேண்டும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறக்குமுன்பே தந்தையை இழந்தவர்கள். ஆறு வயதில் தாயையும் இழந்தார்கள். பாட்டனார் வீட்டிலும் பின்னர் பெரிய தந்தையார் அபூதாலிபின் வீட்டிலும் வளர்ந்தார்கள். அபூதாலிப் செல்வரல்லர், பிள்ளைகள் நிறைந்த வீடு அது. அந்த வீட்டுச் சோற்றில்தான் அந்த யதீமுக்கும் பங்கிருந்தது. 'அல்மாஊன்' என்னும் சிறு அத்தியாயம் யதீமை விரட்டுபவனையும் பிறர் பார்க்கவேண்டுமென்று வணங்குபவனையும் ஒரே மூச்சில் கண்டிக்கிறது. ஏழு வசனங்களே கொண்ட அதை நம் பிள்ளைகள் அனைவரும் மனப்பாடமாக ஓதுவார்கள். இருந்தும் நம் யதீம்கானா ஆண்டுவிழாக்களில் நடப்பதென்ன? சிறுவனை மேடையேற்றி அதே அத்தியாயத்தை ஓதச் செய்து, ஓதிய வாய்க்கு எதிரே நன்கொடைத் துண்டை விரிக்கிறோம்! பொருள் தெரிந்த ஆலிம்கள் மேடையில் அமர்ந்திருக்கிறார்கள்.

தொண்டு செய்ய விரும்பும் இளைஞர்களுக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபின், 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர் தன்னார்வலராயினர், பெரும்பாலோர் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. மாலை ஒன்றரை மணி நேரம் தெருவில் இருக்கும் பிள்ளைகளைத் திண்ணையில் கூட்டிவைத்துப் பாடம். கழித்தல் கணக்கு வராத பிள்ளைக்கு இன்றும் நாளையும் அடுத்த திங்களும் அதே அக்காள் வந்து சொல்லிக்கொடுத்தாள். ஆண்டுக்கு ஒருநாள் ஒரே நிறச் சட்டை அணிந்து வரும் நூறு தொண்டர்களைவிட, வாரம் இருமுறை தவறாமல் வரும் ஒருத்தி அப்பிள்ளைக்கு மேல். பழகிய சில மணி நேரத்தில் பிரிந்துபோகும் புதிய முகங்களைப் பார்த்துப் பார்த்து, இல்லத்துப் பிள்ளைகள் யாரையும் நம்பாமலாகிவிடுகிறார்கள் என்பதையும் தொண்டர்கள் அறியவேண்டும்.

ஒருவேளைச் சோறு எவ்வாறு உரிமையாயிற்று என்பதையும் நினைவுகூர்வோம். 1956இல் காமராசர் பள்ளி மதிய உணவைத் தொடங்கியபோது ஊராரின் அரிசியும் பருப்புமே அதற்கு அடிப்படை. ஈகையாகத் தொடங்கியதில் பிறகு அரசு தன் பங்கைப் போட்டது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் வந்தது. இன்று அரசுப் பள்ளிப் பிள்ளை தட்டை நீட்டும்போது எவருக்கும் நன்றி சொல்லவேண்டியதில்லை. ஈகை சென்று சேரவேண்டிய ஊர் அதுவே.

இப்போதும் அத்தகைய வழிகள் திறந்தே உள்ளன. நம்மவர் அவற்றை அறியாதிருக்கின்றனர். மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா'வில், கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாயோடு வாழும் பிள்ளைக்கு மாதம் நாலாயிரம் ரூபாய் ஆதரவுத் தொகைக்கு இடமுண்டு. நகரமாயின் குடும்ப வருமானம் ஆண்டுக்குத் தொண்ணூற்றாறாயிரத்துக்குள் இருக்கவேண்டும். 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'அன்புக் கரங்கள்' பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் இரண்டாயிரம் தருவது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கவேண்டும். தடையாக நிற்பவை தாள்கள்தாம்: இறப்புச் சான்று, வருமானச் சான்று, பள்ளிச் சான்று, வங்கிக் கணக்கு. இத்தாவில் இருக்கும் பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு அலுவலகங்களுக்கு அலைய மாட்டாள். அதன்பின்னும் தாலுகா அலுவலகத்தின் எந்தச் சன்னலில் நிற்பது என்று அவளுக்குச் சொல்வாரில்லை. இதற்கு மண்டபம் வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம்.

உக்கடத்திலும் கரும்புக்கடையிலும் குனியமுத்தூரிலும் உள்ள ஜமாஅத்துகள் வரும் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு மேசை போடட்டும். எழுதத் தெரிந்த இருவர் அமரட்டும். பெண்களிடம் போய்க் கேட்டு வர இரண்டு கல்லூரி மாணவிகள் இருக்கட்டும். எம்மதத்துத் தாய் வந்தாலும் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கட்டும். மேசைக்கு எதிரே பெயர்ப்பலகை வைக்கவேண்டாம். கைப்பேசியைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கட்டும்.