‘பெற்றோர் கண்டித்தால் போதும்’ என்கிற பொய்

பிள்ளைகள் கண்டதையும் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று எங்கே பேச்சு வந்தாலும் கடைசியில் தீர்ப்பு ஒன்றுதான்: “பெத்தவங்க வேண்டாம்னு சொல்லி வளர்க்கணும்.” டாக்டர் சொல்கிறார். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறார்கள். பட்டிமன்றத்தில் சொன்னால் கைதட்டல் விழுகிறது. விளம்பரம் வெறும் அறிவிப்பு, வாங்குவதும் வாங்காததும் நம் கையில் என்ற நம்பிக்கை இதற்கு அடியில் கிடக்கிறது. அந்த நம்பிக்கை தவறு. பிள்ளைகளைக் குறிவைக்கும் உணவு விளம்பரம் உருவாவதே அம்மா அப்பா சொல்லும் ‘வேண்டாம்’ என்ற சொல்லை உடைப்பதற்காகத்தான். அந்தச் சொல்லையே காவலாக நம்பி இருங்கள் என்று பெற்றோரிடம் சொல்வது பெரிய அநியாயம்.

இது என் ஊகம் இல்லை. 1998இல் அமெரிக்காவில் ஒரு விளம்பர நிறுவனம் பிள்ளைகளின் நச்சரிப்பைப் பற்றியே தனியாக ஓர் ஆய்வு நடத்தியது. எந்தப் பிள்ளை எப்படி நச்சரிக்கிறது, எப்படிப்பட்ட தாய் எதற்கு இறங்கி வருகிறார் என்று பெற்றோரை ரகம் ரகமாகப் பிரித்தார்கள். சும்மா ‘வேணும், வேணும்’ என்று அழுவது ஒரு வகை. ‘இது எனக்கு ஏன் வேணும்னா...’ என்று காரணம் சொல்லிக் கேட்பது இன்னொரு வகை. அழவைத்தால் மட்டும் போதாது, பிள்ளையின் வாயில் ஒரு காரணத்தையும் வைக்க வேண்டும் என்பது அவர்கள் கற்ற பாடம். பிள்ளை நச்சரிக்காமல் இருந்திருந்தால் 20 முதல் 40 சதவீதம் வரை பொருட்கள் விற்றே இருக்காது என்றும் கண்டார்கள். அந்த ஆய்வில் பங்கெடுத்த லூசி ஹியூஸ், 2003இல் வந்த ‘தி கார்ப்பரேஷன்’ ஆவணப்படத்தில் இதையெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறார். அந்த ஆய்வு பெற்றோருக்கு உதவ நடந்ததல்ல, கம்பெனிகளுக்கு உதவ நடந்தது. அம்மாவின் ‘வேண்டாம்’ எந்த இடத்தில் தளரும் என்று அளந்து பார்த்தவர்கள் அவர்கள்.

அந்தக் காரணத்தை நம் ஊரிலும் விதவிதமாகக் கொடுக்கிறார்கள். சாக்லேட் முட்டையைத் திறந்தால் உள்ளே பொம்மை. பிஸ்கட் உறையில் கார்ட்டூன் வீரன். சிப்ஸ் பாக்கெட்டுக்குள் வந்த ‘டாசோ’ வட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்த தலைமுறைக்கு இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தச் சிப்ஸின் ருசி அவர்களுக்கு மறந்திருக்கும், சேர்த்த டாசோக்கள் மறந்திருக்காது. தின்பண்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே தின்பண்டத்தை விற்கும் வித்தை இது. பசிக்காத பிள்ளையும் கேட்கும்.

‘பிள்ளைக்கு ருசி பிடித்திருக்கிறது, அதனால் கேட்கிறது’ என்பவர்களுக்கு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். மூன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட 63 பிள்ளைகள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரே உணவை இரண்டாக வைத்தார்கள். ஒன்று வெறும் உறையில், மற்றது மெக்டொனால்ட்ஸ் பெயர் பொறித்த உறையில். எது ருசி என்று கேட்டார்கள். பெயர் பொறித்த உறையில் இருந்ததே ருசி என்றார்கள் பெரும்பாலான பிள்ளைகள். கொடுத்தவற்றில் பாலும் கேரட்டும் இருந்தன. அந்தக் கேரட் மளிகைக் கடையில் வாங்கிய சாதாரணக் கேரட். அந்தக் கம்பெனி அப்போது தன் கடைகளில் விற்காத பண்டம். அதுகூட அந்த உறைக்குள் போனதும் ருசித்தது. பள்ளிக்கூடமே போகாத பிள்ளையின் நாக்கில் ஒரு கம்பெனியின் பெயர் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் எத்தனை முறை கண்டித்தாலும் அதை இறக்கிவிட முடியாது.

எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு, விளம்பரம் தன்னை மயக்கி வாங்கவைக்கப் பார்க்கிறது என்பதே புரியாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004இல் சொன்னது. திரையில் வருவதெல்லாம் அதற்கு உண்மை. வயதில் பெரியவர் ஒருவர் சொல்வதைப் பிள்ளை நம்புகிறது. நம்பித்தான் வளரவும் முடியும். அந்த நம்பிக்கையில் கைவைத்துக் காசு பார்ப்பது எனக்குச் சகிக்கவில்லை.

இதுவரை சொன்னது பிள்ளையின் பக்கம். பெற்றோரைச் சும்மா விட்டார்களா? ‘கண்டிக்க வேண்டிய’ அதே அம்மாவுக்கும் தனியாக ஒரு விளம்பரம் இருக்கிறது. அது பயத்தால் செய்தது. பாலில் கலக்கும் மாவுகளின் விளம்பரங்களை நினைத்துப் பாருங்கள். வகுப்பில் ஒரு பையன் உயரம், ஒரு பையன் குட்டை. குட்டைப் பையனின் அம்மாவின் முகத்தைக் கேமரா நெருங்கிக் காட்டும். அடுத்து வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், ஒரு வரைபடம், ஒரு டம்ளர். கடைசியில் அந்தப் பையன் நெடுநெடுவென்று நிற்பான். ‘நான் வளர்கிறேனே மம்மி’ என்ற வரியைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை குறைவு. நோயாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையில் ஹார்லிக்ஸ் பாட்டில் எடுத்துப்போகும் அளவுக்கு இந்த மாவுகளுக்கு மருந்தின் மரியாதை கிடைத்துவிட்டது.

‘உயரமாக, வலுவாக, கூர்மையாக’ ஆக்கும் என்று சொன்ன ஒரு ஹார்லிக்ஸ் விளம்பரம் 2008இல் பிரிட்டனில் ஒரு நேபாளி சேனலில் ஓடியது. விளம்பரத்தில் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்று அங்குள்ள விளம்பரத் தர ஆணையம் தடுத்துவிட்டது. வங்கதேசத்துக்காக எடுத்தது, தவறுதலாக பிரிட்டனில் ஒளிபரப்பாகிவிட்டது என்று விளக்கம் வந்தது. லண்டன் பிள்ளைக்குச் சொல்லக் கூடாத பேச்சை டாக்கா பிள்ளைக்கும் திண்டுக்கல் பிள்ளைக்கும் சொல்லலாம் என்றால், நம் பிள்ளைகளை என்னவென்று நினைக்கிறார்கள்?

மாவுக்குள் என்ன இருக்கிறது என்று 2023இல் ஒரு சின்ன வீடியோ நாட்டையே கேட்கவைத்தது. அப்போது போர்ன்விட்டாவின் 100 கிராமில் 37.4 கிராம் சேர்த்த சர்க்கரை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அதை 32.2 கிராமாகக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. நம் சமையலறையில் அந்த டம்ளரில் மேற்கொண்டு ஒரு ஸ்பூன் சர்க்கரையும் விழும், பிள்ளை குடிக்க வேண்டுமே என்று. டம்ளரில் இருக்கும் புரதத்திலும் கால்சியத்திலும் பெரும்பங்கு பாலுடையது; பெயர் மட்டும் மாவுக்கு. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இந்தப் பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவிலிருந்து எடுத்துவிடும்படி இணைய அங்காடிகளுக்குச் சொன்னது. அப்படி ஒரு வகையே நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. இல்லாத ஒரு வகையின் பெயரால் தலைமுறை தலைமுறையாகத் தாய்மார்களின் மாதச் சம்பளத்திலிருந்து காசு போயிருக்கிறது. அந்தத் தாயைப் பார்த்து ‘நீங்கள்தான் யோசித்து வாங்க வேண்டும்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டிவியை அணைத்துவிடலாமே என்பார்கள். அணைத்துவிட்டுத் தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போவோம். கடையின் பெயர் சின்னதாக, பலகை கொடுத்த கம்பெனியின் பெயர் பெரிதாக இருக்கும். சிகரெட்டும் பீடியும் கடைக்காரரின் கைக்குப் பின்னால். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகள் சரம் சரமாக முன்னால் தொங்கும். சரத்தின் கடைசி பாக்கெட் ஐந்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே ஆடும். விலையையும் கவனியுங்கள். ஐந்து ரூபாய் என்பது அம்மாவைக் கேட்காமலே பிள்ளை வாங்கிவிடக்கூடிய விலை. அங்கே ‘வேண்டாம்’ சொல்ல ஆளே இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்று 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த வழிகாட்டுதல், சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றைக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளிலும் அவர்களுக்கே உரிய சேனல்களிலும் விளம்பரப்படுத்தக் கூடாது என்கிறது. நல்ல விதி. ஆனால் நம் பிள்ளைகள் குழந்தைகள் சேனலை மட்டுமா பார்க்கிறார்கள்? அப்பாவின் மடியில் உட்கார்ந்து ஐபிஎல் பார்க்கிறார்கள். பாட்டியோடு சீரியல் பார்க்கிறார்கள். விளம்பரம் அங்கே வந்து நிற்கிறது. பிரிட்டனும் 2007இல் குழந்தைகள் நிகழ்ச்சிகளில்தான் முதலில் தடை போட்டது. அது போதாது என்று பட்ட பிறகு, 2026 ஜனவரி முதல் இரவு ஒன்பது மணிக்கு முன் எந்த நிகழ்ச்சியிலும் இத்தகைய விளம்பரம் தொலைக்காட்சியில் வரக் கூடாது, இணையத்தில் காசு கொடுத்துப் போடும் விளம்பரம் எந்நேரமும் கூடாது என்று ஆக்கியிருக்கிறது. நமக்கும் அதுதான் வேண்டும்: நிகழ்ச்சியின் பெயரைப் பார்க்கும் விதி வேண்டாம், பிள்ளை விழித்திருக்கும் நேரத்தைப் பார்க்கும் விதி வேண்டும்.

வியாபாரச் சுதந்திரம் போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்கள் கனடாவைப் பார்க்கலாம். கியூபெக் மாகாணம் 13 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைக்கும் வணிக விளம்பரத்தை 1980இலிருந்து தடுத்து வைத்திருக்கிறது. ஒரு பொம்மைக் கம்பெனி வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்துவது உண்மைதான், ஆனாலும் சின்னப் பிள்ளைகளைக் காக்க அது நியாயம் என்று 1989இல் தீர்ப்பு வந்தது. சிலி நாடு 2016இல் இன்னும் மேலே போனது. சர்க்கரை மிகுந்த பண்டத்தின் உறையில் கறுப்பு எண்கோண முத்திரை, கார்ட்டூன் உருவங்களுக்குத் தடை, பள்ளிக்குள் விற்பனைக்குத் தடை. கெல்லாக்ஸ் டப்பாவிலிருந்த புலி இறங்கிப் போனது. முத்திரை விழுந்த இனிப்புப் பானங்களை மக்கள் வாங்குவது முதல் கட்டத்திலேயே எதிர்பார்த்த அளவைவிடக் கிட்டத்தட்ட 24 சதவீதம் குறைந்தது. சிலியின் தாய்மார்கள் திடீரென்று கண்டிப்பானவர்களாக மாறிவிடவில்லை. அவர்களுக்கு எதிராக வேலை செய்துகொண்டிருந்த ஆட்களை அரசு விலக்கி நிறுத்தியது.

தமிழ்நாட்டு அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவுக்கும், சத்துணவில் போடும் முட்டைக்கும் எந்தக் கிரிக்கெட் வீரரும் வந்து பேசியதில்லை. வேர்க்கடலைக்குச் சின்னமும் இல்லை, பாட்டும் இல்லை. எதிர்ப்பக்கம் நிற்பது ஆண்டு முழுவதும் கோடிகளைக் கொட்டும் ஒரு தொழில். இந்த ஏற்றத்தாழ்வை ஒரு வீட்டின் கண்டிப்பு சரிசெய்யும் என்று நம்பச் சொல்வது, பழியை எளியவர் தலையில் கட்டுவது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் வரையும் மறுமுறை 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க முடியும். அந்தப் புகாரை மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம் என்று அச்சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் வரிசையில் நிற்கிறோம். பிள்ளையை உயரமாக்கும் என்று சொன்ன விளம்பரத்தின் மேலும், பள்ளி வாசலில் தொங்கும் பலகையின் மேலும் மனு எழுதி அதே வரிசையில் நிற்கலாம். போக முடியாதவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லலாம்.