புகையைப் பார்க்கிறோம், புஷ்ஷை யார் பார்ப்பது?



நம்மூர்க் கார்களுக்கு வயசாகிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தபோது, வரியோடு சேர்ந்த விலை நம்மைப் போன்ற சம்பளக்காரருக்கு எட்டவில்லை. ஆகவே வீட்டில் நிற்கும் பழைய கொரோலாவையும் சன்னியையும்தான் இன்னும் பல வருடம் ஓட்டப்போகிறோம். பழைய கார் வைத்திருப்பது குறையல்ல. அதைப் பார்க்காமல் ஓட்டுவதுதான் குறை.

லைசன்ஸ் புதுப்பிக்க வருடா வருடம் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். அங்கே பார்ப்பது புகையைத்தான். சில்லைத் தாங்கும் லோவர் ஆமின் ரபர் புஷ் கிழிந்திருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஆனாலும் அந்தத் தாள் கைக்கு வந்ததும் "கார் நல்லம்" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

நம்மில் ஒரு சாரார், "ஓடுதுதானே, சத்தம் வந்தால் பார்ப்போம்" என்பார்கள். இன்னொரு சாரார், கராஜில் "சேர், புஷ் எல்லாம் போயிட்டு, முழு செட்டையும் மாத்தணும்" என்றதும் கடன் வாங்கியாவது மாற்றிவிடுவார்கள். இரண்டு பேரும் செய்தது ஒரே பிழை. யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

புஷ் என்பது இரண்டு இரும்பு வளையங்களுக்கு நடுவே ஒட்டிய ரபர். ரோட்டின் அடியை வாங்கிக்கொண்டு, சில்லு இடம் மாறாமல் பிடித்திருப்பது அதன் வேலை. பத்துப் பதினைந்து வருட ரபரின் மேல் மெல்லிய வெடிப்பு இருக்கும். அதை மட்டும் டோர்ச் அடித்துக் காட்டி யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வெடிப்பு ஆழமாக இறங்கியிருந்தால், ரபர் இரும்பைவிட்டுக் கழன்றிருந்தால், நடு வளையம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அந்தப் புஷ்ஷின் காலம் முடிந்தது. இரும்பு லிவரை வைத்து ஆமை நெம்பச் சொல்லுங்கள். ரபர் கொஞ்சம் இணங்கித் திரும்பினால் சரி. "டக்" என்று இரும்பு இரும்பில் முட்டினால் மாற்றத்தான் வேண்டும்.

சத்தத்தை நம்பித் தீர்மானிக்க வேண்டாம். ஸ்டெபிலைசர் லிங்க் தேய்ந்தால் குழிக்குக் குழி கடகடக்கும். அதையும் மாற்றத்தான் வேண்டும், ஆனால் அவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை. லோவர் ஆமின் பின் புஷ் கிழிந்தாலோ, சில வேளை பெரிய சத்தமே வராது. பிரேக் பிடிக்கும்போது ஆம் நகர்ந்து, கார் ஒரு பக்கம் இழுக்கும். அலைன்மென்ட் செய்து கொஞ்ச நாளில் திரும்பக் குழம்பும். டயர் ஓரத்தில் மட்டும் தேயும். நாமோ டயரைக் குறை சொல்லிப் புது டயர் வாங்குவோம்.

நமது கிழக்கிலிருந்து மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகிறவர்கள் 18 வளைவை அறிவார்கள். பின் சீட்டில் உம்மாவும் பிள்ளைகளும் இருக்க, அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது கார் இழுத்தால் என்ன செய்வது? "அல்லாஹ் பாதுகாப்பான்" என்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கட்டாமல் வைப்பதற்குப் பெயர் சோம்பல்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. காரை விற்கும் முன் புஷ்ஷில் எண்ணெய் பூசிச் சத்தத்தை அடக்குகிறவர்கள் நமக்குள் இருக்கிறார்கள். எண்ணெய் பட்ட ரபர் ஊதி இன்னும் சீக்கிரம் கெட்டுவிடும். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கண்டித்ததை ஜும்ஆவில் கேட்டுவிட்டு, வெளியே வந்து இதைச் செய்தால் நம் தொழுகைக்கு என்ன அர்த்தம்? குறையைச் சொல்லி விலையைக் குறைப்போம். பரக்கத் அதில்தான்.

மாற்றுவதென்று முடிவானால் இரண்டு பக்கமும் மாற்றுவோம். சுத்தியலால் அடித்து ஏற்றாமல் பிரஸ்ஸில் ஏற்றச் சொல்வோம். கார் தன் பாரத்தில் சில்லில் நிற்கும்போதே போல்ட்டை இறுதியாக இறுக்கச் சொல்வோம். தூக்கி வைத்து இறுக்கினால் ரபர் முறுகி, புதுப் புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். பிறகு அலைன்மென்ட் பார்ப்போம். கழற்றிய பழைய புஷ்ஷைக் கேட்டு வாங்குவோம். நேர்மையான பாஸ் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார், சந்தோசமாகக் காட்டுவார்.

அடுத்த முறை சேர்விஸுக்குக் கார் ஏறும்போது, போனை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் அடியில் குனிந்து பார்ப்போம். புகைக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது புஷ்ஷுக்கும் கொடுப்போம்.

அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.